தண்ணீர் விடாமல் தேய்த்த கல்

கறுப்புக் கிரானைட்டில் பூ வடிவத்துக்குக் குழி எடுத்து, வண்ணக் கல் துண்டுகளைப் பசை வைத்துப் பதிப்போம். பசை இறுகியதும் மெஷினால் தேய்த்துச் சமமாக்க வேண்டும். தண்ணீர் விட்டுத் தேய்த்தால் தூசி பறக்காது. ஆனால் நனைந்த கல்லில் துண்டுகளுக்கு நடுவே உள்ள இடுக்கு கண்ணுக்குத் தெரியாதே! அதனால் ராணிப்பேட்டைப் பட்டறையில் நாங்கள் தண்ணீர் விடுவதில்லை. பக்கத்து மேசையில் காயாத பசைமேல் தூசி ஒட்டும் என்று மின்விசிறியையும் நிறுத்திவிடுவோம். கல்லின் மேல் அத்தனை அக்கறை எங்களுக்கு. முகமூடிகள் ஆணியில் தொங்கின.

என் மனைவியின் தம்பியை இந்த வேலைக்கு இழுத்துவந்தவன் நான்தான். அதற்கு முன் தோல் தொழிற்சாலையில் பஃபிங் மெஷினில் தோலைத் தேய்த்துக்கொண்டிருந்தான். நாற்றமில்லாத வேலை என்று ஆசை காட்டினேன். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது. முகமூடியைக் கட்டச் சொன்னால் சிரிப்பான்.

"இன்னா மாமா, தோல் தூசியவே பத்து வருசம் தின்னவன் நான். இது இன்னா பண்ணும்? சாயங்காலம் ஒரு துண்டு வெல்லம் வாயில போட்டா எல்லாம் எறங்கிடும்."

வெல்லம் வயிற்றுக்குத்தான் போகும், நெஞ்சுக்குள் போகாது. இது தெரிய எங்களுக்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. ஆனாலும் தினமும் ஆளுக்கொரு துண்டு தின்றுவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனோம்.

போன கார்த்திகையில் சோளிங்கர் மலைக்குப் போனோம். ரோப்கார் இருந்தும் படியேறித்தான் போக வேண்டும் என்று அவனுக்குப் பிடிவாதம். வருடா வருடம் எனக்கு முன்னால் ஓடிப்போய் மேலே நின்று கிண்டல் செய்கிறவன், பாதியிலேயே உட்கார்ந்துவிட்டான். உதடு கறுத்திருந்தது.

"வெயில் ஜாஸ்தி மாமா" என்றான்.

வானம் மூடிக்கிடந்தது. நானும் அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

வேலூரில் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்த டாக்டர், நுரையீரலில் கல் தூசி படிந்துவிட்டது, கெட்டது இனிச் சரியாகாது, தூசிப் பக்கமே போகக்கூடாது என்றார். பிறகு, "உங்ககூட வேற யாரு அந்த வேலை செய்றாங்க?" என்று கேட்டார்.

அவன் என்னைக் காட்டினான்.

"இவரு கெட்டி சார். ஒண்ணுமே ஆவல. அன்னிக்கு மலையில நான் உக்காந்துட்டேன்னு, மேல போகாம எனக்காக ஒரு மணி நேரம் கூடவே உக்காந்துட்டாரு."

டாக்டர் என்னையே பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அன்று அவன் உட்காருவதற்கு இருபது படிகளுக்கு முன்பிருந்தே, மூச்சு கிடைக்காமல், உட்கார ஒரு சாக்குத் தேடிக்கொண்டிருந்தேன்.