ஹந்தானை வரை தெரிந்த ஸ்கோப்

அரூஸிடம் கண் காட்டாத குடும்பம் கட்டுகஸ்தோட்டையில் குறைவு. பாலத்துக்குக் கிட்ட அவருடைய மூக்குக்கண்ணாடிக் கடை இருக்கிறது. ஒரு முனையில் கதிரை, மறு முனையில் எழுத்து அட்டை. தலைவலி என்று வருகிறவர்களில் பாதிப் பேரை, "இதுக்குக் கண்ணாடி வேணாம், போய் நல்லாத் தூங்குங்க" என்று வெறுங்கையோடு அனுப்பிவிடுவார். அப்படி அனுப்பப்பட்டவர்களே ஊரெல்லாம் அவர் புகழ் பாடினார்கள். அரூஸ் பிழையாகக் கண்ணாடி கொடுக்க மாட்டார். அந்தப் பெயர்தான் அவருடைய சொத்து.

அந்தப் பெயரை வைத்துக்கொண்டுதான் அவர் தன் ஒரே மகளின் நல்ல கண்ணைக் கெட்டுப்போன கண்ணாக்கினார்.

மகள் ஷஹ்மா பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். படிப்பைவிட அவளுக்குப் பிடித்தது எயார் ரைபிள். துப்பாக்கிச் சுடும் கழகத்தில், குறி பார்க்கும் குழாயான ஸ்கோப்பை மேலே பூட்டிச் சுடும் பிரிவில் அவள் பெயர் மேலே வந்துகொண்டிருந்தது. கொழும்புப் போட்டிக்கு அணி தெரிவு செய்ய இருந்த நேரம், சொந்தமாக ஒரு ஸ்கோப் வாங்க வாப்பாவும் மகளும் கண்டி டவுனுக்குப் போனார்கள்.

கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். இரண்டிலும் ஒரு வளையம் இருந்தது. அதைத் திருப்பினால் தூரத்தில் இருப்பது பெரிதாகித் தெரியும். சின்னது மூன்று மடங்கிலிருந்து ஒன்பது மடங்கு வரை. பெரியது ஆறிலிருந்து இருபத்துநாலு வரை.

"வாப்பா, எனக்குச் சின்னது போதும்," என்றாள் ஷஹ்மா. "எங்கட கழகத்துத் தாஸிம் நானாட்டயும் இதுதான் ஈக்கி. கைக்கும் பாரமில்ல."

"தாஸிமுக்கு லென்ஸப் பத்தி என்ன தெரியும்? என்ட வாழ்க்கையே லென்ஸோடதான் போகுது மகள்."

அரூஸ் பெரிய ஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். ஹந்தானை மலையை நோக்கிப் பிடித்து வளையத்தை முழுதாகத் திருப்பினார். உச்சியில் நின்ற அன்டெனாக் கோபுரத்தின் கம்பிகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து தெரிந்தன.

"ஸுப்ஹானல்லாஹ்! இங்க வந்து பாரு. கம்பில காக்கா இருந்தா அதுட மூக்கையும் பாக்கலாம்!"

"நான் காக்கா சுடப் போறதில்லையே வாப்பா," என்று சிரித்தாள் மகள். ஆனால் வாப்பாவின் முகத்திலிருந்த சந்தோசத்தைக் கெடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. பெரியதையே வாங்கினார்கள்.

அவள் சுட வேண்டிய இலக்கோ, இரண்டு பஸ்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் வரும் தூரத்தில்தான் இருந்தது.

அடுத்த கிழமையே, "கலங்கலாத் தெரியுது வாப்பா. நல்லாப் பாத்துச் சுட்டாலும் குண்டு தள்ளிப் போகுது" என்று வந்து நின்றாள். அரூஸ் ஸ்கோப்பைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. மகளைக் கதிரையில் உட்காரவைத்து எழுத்து அட்டையை வாசிக்கச் சொன்னார். கடைசி வரி வரை கடகடவென்று வாசித்தாள். ஆனாலும் விடாமல் தேடி, கால் பவர் குறையொன்றைக் கண்டுபிடித்தார். வேறு யாராவது என்றால் தூங்கச் சொல்லி அனுப்பியிருப்பார். மகளுக்குக் கண்ணாடி போட்டார்.

அணித் தெரிவில் ஷஹ்மா கடைசியாக வந்தாள். அன்று வீட்டுக்கு வந்து உம்மா மஸாஹிராவின் மடியில் முகத்தைப் புதைத்தவள், "என்ட கண்ணே சரியில்ல உம்மா. எனக்கு இது எழுதப்படல்ல" என்று விம்மினாள். கதவோரம் நின்ற அரூஸ், "போனாப் போகட்டும் மகள்" என்று ஆறுதல் வேறு சொன்னார். அதன் பிறகு அவள் கழகத்துப் பக்கமே போகவில்லை.

இரண்டு மாதம் கழித்து, ஸ்கோப்பை விற்றுவிடச் சொல்லி வாப்பாவிடம் கொடுத்தாள். வாங்குவதற்கு அவளுடைய கழகத்துப் பையன் ரிஸ்கான் கடைக்கு வந்தான். கண்ணாடிப் பெட்டிகளை அடுக்கி அதன்மேல் ஸ்கோப்பைப் படுக்கவைத்து, எதிர்ப்பக்கத்துப் பாமஸியின் பெயர்ப்பலகையை அதற்குள்ளால் பார்த்தான்.

"அங்கிள், கலங்கலா ஈக்கே?"

அரூஸ் நிமிர்ந்து பார்த்தார். "உனக்குமா?"

அவனை விலக்கிவிட்டுத் தானே குனிந்தார். கலங்கல்தான். வளையத்தைத் திருப்பிப் பவரைக் குறைத்தார், எழுத்துகள் கொஞ்சம் தெளிந்தன. ஸ்கோப்பில் கை படாமல், தலையை மட்டும் மெல்ல அசைத்தார். உள்ளிருந்த, குறி பார்க்கும் சிலுவைக் கோடு ஓர் எழுத்திலிருந்து அடுத்த எழுத்துக்கு நகர்ந்தது. திரும்ப அசைத்தார். திரும்ப நகர்ந்தது. தூரத்து மலையில் அசையாத கோடு, கிட்டத்துப் பலகையில் நிலையில்லாமல் ஆடியது.

இது தூரத்து வேட்டைக்குச் செய்த ஸ்கோப். கிட்டத்து இலக்கில் கண் ஒரு நூல் விலகினாலும் குறி விலகும். யார் கண்ணாக இருந்தாலும் விலகும்.

தூரப் பார்வை வேறு, கிட்டப் பார்வை வேறு என்று தினமும் ஊருக்குச் சொல்கிற மனிதர், மகளுக்கான ஸ்கோப்பை மலையைப் பார்த்து வாங்கியிருக்கிறார்!

"எனக்கு வேணாம் அங்கிள். ஷஹ்மாட கண்ணுக்கு என்ன நடந்த? அவ எங்களவிட நல்லாச் சுட்டவ தானே?"

அரூஸ் ஸ்கோப்பை எடுத்து அதன் பெட்டிக்குள் வைத்தார். ரிஸ்கான் போன பிறகு கடையின் பாதிக் கதவைச் சாத்திவிட்டு, மகள் உட்கார்ந்த அதே கதிரையில் உட்கார்ந்தார். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. ஸ்கோப்பை அலுமாரிக்குள் பூட்டிவிடலாம். ஆனால் தன் கண்ணை நம்பாத ஒரு பிள்ளை, வேண்டாத கண்ணாடியோடு அவர் வீட்டிலேயே நடமாடுமே! அவர் எழுந்து கடையைப் பூட்டினார்.

வீட்டில் ஷஹ்மா புத்தகத்தோடு இருந்தாள். அவர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்.

அவள் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"கடைக்கு வாற ஆளா இருந்தா, இந்தக் கண்ணாடியக் குடுத்தீப்பீங்களா?"

"இல்ல மகள்."

"அப்ப எனக்கு ஏன்?"

"நான் பாத்து எடுத்த ஸ்கோப் பிழையா ஈக்கும் எண்டு நினைக்கல்ல."

"ஆனா என்ட கண் பிழையா ஈக்கும் எண்டு நினைச்சீங்க."

மஸாஹிரா கையில் அகப்பையோடு குசினியிலிருந்து ஓடி வந்து, "வாப்பாவோட இப்படியா பேசற?" என்று அதட்டினாள். "பேசட்டும் விடு," என்றார் அரூஸ். இரண்டு நாள் மகள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணி ஆறிப் போய்க் கிடந்தது.

மூன்றாம் நாள் காலை செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். "டவுனுக்குப் போற. நீங்களும் வாங்க. ஆனா கடையில வாய் தொறக்கக் கூடாது."

அரூஸ் வாய் திறக்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். ஷஹ்மா சின்ன ஸ்கோப்பை மேசையில் படுக்கவைத்து, தெருவுக்கு அந்தப் பக்கத்துப் பலகையைப் பார்த்தாள். தலையை அசைத்தாள். மறுபடியும் அசைத்தாள். பிறகு, பழக்க தோசமோ என்னவோ, சட்டென்று திரும்பினாள்.

"எடுக்கவா வாப்பா?"

அவர் கைகளைப் பின்னாலேயே வைத்திருந்தார். "உன்ட கண் என்ன சொல்லுது?"

"கோடு அசையல்ல."

"எண்டா எடு."

அவள் கடைக்காரரிடம் திரும்பிப் பேச ஆரம்பித்தாள். அவளுடைய மூக்கின் இரு பக்கமும் மாதக்கணக்கில் கண்ணாடி அழுத்திய தடங்கள் இன்னும் முழுதாக மறையவில்லை. இன்னும் சில நாளில் மறைந்துவிடும் என்று அரூஸுக்குத் தெரியும். எத்தனையோ பேருக்கு அதைச் சொல்லியிருக்கிறார். ஆனாலும் அவற்றைப் பார்க்க முடியாமல், ஹந்தானைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.