மிட்டாயைக் கடித்துப் பார்த்த டையிங் மாஸ்டர்

எங்கள் பனியன் கம்பெனிக்கு, அமெரிக்காவிலிருந்து துணி வாங்கும் பையரின் டி-ஷர்ட் ஆர்டர். அந்த ஊர் தியேட்டர்களில் விற்ற பழைய மிட்டாய் ஒன்று, மேலே சாக்லேட், உள்ளே கேரமல். அந்த டப்பாவின் படம்தான் நெஞ்சில் பிரிண்ட். துணியும் மிட்டாய் கலரில் வேண்டும் என்று ஒரு டப்பா மிட்டாயையே அனுப்பியிருந்தார்கள். அதை வீரபாண்டி சாயப்பட்டறையின் டையிங் மாஸ்டரிடம் கொடுத்துவிட்டேன்.

இன்று காலை கலருக்கு ஓகே சொல்ல பையர் கம்பெனியிலிருந்து வந்த அமெரிக்க அம்மா ஆபீஸில் உட்கார்ந்திருக்கிறார். மாஸ்டர் கொண்டுவந்த துணி தேன் கலரில் இருக்கிறது.

"ஏனுங்க மாஸ்டர், சாக்லேட் கலர் எங்கீங்க?"

"சாம்பிள் துணி வந்தா தையலப் பிரிச்சு உள்பக்கந்தானுங்க பாப்போம்? மேல வெளுத்திருக்கும், உள்ளதானுங்க ஒரிஜினல். அதான் மிட்டாயக் கடிச்சுப் பாத்து, உள்ள இருந்த கலரப் போட்டேன்."

குரலில் துளிச் சந்தேகம் இல்லை. ஆர்டர் போனாலும் போகட்டும் என்று நானும் அதே தைரியத்தில் துணியை அந்த அம்மா முன்னால் விரித்து, "உள்ளே இருக்கும் கேரமல்" என்றேன்.

அவர் துணியைத் தடவிப் பார்த்தார். பிறகு, "சின்ன வயதில் படம் பார்க்கும்போது, சாக்லேட் கரைந்து இந்தக் கலர் வந்துவிட்டதா என்று வாயிலிருந்து எடுத்துத் திரை வெளிச்சத்தில் பார்ப்பேன்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

நம் பெட்டிக்கடை எக்லேர்ஸில் கேரமல் வெளியே, சாக்லேட் உள்ளே. அதைக் கொடுத்திருந்தால் மாஸ்டர் நான் எதிர்பார்த்த சாக்லேட் கலரையே போட்டிருப்பார்.

சரி, எக்லேர்ஸை நீங்கள் கடிப்பீர்களா, கரைய விடுவீர்களா? மாஸ்டர் கட்சி எத்தனை பேர் என்று பார்க்கிறேன்.