கேனில் நான் பிடித்த தண்ணீர்

ஆராய்ச்சி மாணவி பரிமளாவைப் போல ஒரு பிடிவாதக்காரியை நான் கண்டதில்லை. அரிமளத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, நான் சாவி போடும் முன்பே லேப் வாசலில் நிற்பாள். புதுக்கோட்டைக் கல்லூரி ஒன்றில் நான் லேப் அட்டெண்டர், பெயர் சூசைராஜ்.

மணமேல்குடிக் கரையில் ஒதுங்கும் கடல்பாசியிலிருந்து ஒருவகைச் சர்க்கரைப் பொருளைப் பிரித்து, அதில் மருந்தைக் கலந்து, கால்சியம் கரைசலில் சொட்டுச் சொட்டாக விடுவாள். ஜவ்வரிசி மாதிரி மணிமணியாக உறையும். வயிற்று அமிலத்தைத் தாண்டிக் குடலில்தான் அது மருந்தை விட வேண்டும். ஒரே ஒருமுறை அப்படி அமைந்தது. அவளுடைய கைடு குணசேகரன் சார் உடனே கட்டுரையாக அச்சேற்றிவிட்டார்.

"இன்னும் மூணு தடவ வரட்டும், தீசிஸ்ல கையெழுத்துப் போடுறேன்," என்றார்.

இரண்டு வருஷமாக அந்த முடிவு மறுபடி வரவேயில்லை. மணிகள் அமிலத்திலேயே மருந்தைக் கக்கின. பேசி வைத்த மாப்பிள்ளையும் கைநழுவினான்.

"எங்கிட்டுண்ணே தப்புப் பண்றேன்?" என்று என்னிடம் கேட்பாள். மாதாவே, நான் பீக்கரைக் கழுவப் போய்விடுவேன்.

நல்ல முடிவு வந்த அன்று தண்ணீரைக் காய்ச்சி வடிக்கும் மெஷின் ரிப்பேர். திட்டுக்குப் பயந்து, காய்ச்சி வடித்த தண்ணீர் வைக்கும் கேனில் போர்வெல் தண்ணீரைப் பிடித்து வைத்தேன். பருப்பு வேகாத சுண்ணாம்புத் தண்ணீர்! தண்ணீரில் என்ன வந்துவிடப்போகிறது என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். சர்ச்சில் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். அவளிடம் சொல்ல வாய் வரவில்லை, கோழைப் பயல் நான்.

போன வாரம் சிங்க்கில் கையூன்றி அழுதாள். சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று பார்த்தால், கேனைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடினாள். மூன்று முறை செய்தாள். மூன்று முறையும் மணிகள் அமிலத்தில் மருந்தைக் கக்கவில்லை; அந்தச் சுண்ணாம்புதான் அவற்றை இறுக்கியிருக்கிறது. என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

சார் மட்டும் சிரிக்கவில்லை. "கட்டுரையில காய்ச்சி வடிச்ச தண்ணின்னு போட்டாச்சும்மா. போர் தண்ணின்னா என் மானம் என்னாகுறது? பழையபடியே எழுது, நாளைக்கே கையெழுத்து."

"பொய்யில்லையா சார்?"

"அப்ப கையெழுத்தும் இல்ல."

சாயங்காலம் வரை தீசிஸில் தண்ணீரைப் பற்றிய அந்த ஒரு வரியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பேனா மூடியைக்கூடத் திறக்கவில்லை. பூட்டும் நேரம் தாண்டியும் நான் சாவியோடு நின்றேன்.

"இத்தன நாளும் தெரியாமத் தோத்துக்கிட்டு இருந்தேண்ணே," என்றாள். "இனிமே தெரிஞ்சே தோக்கணும், இல்லன்னா பொய் எழுதணும். நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம்."