மஞ்சள் விளக்கின் மேல் ஒரு புனிதர்

லாரியில் எரியும் எச்சரிக்கை விளக்கை அணைக்க எத்தனை வழி உண்டு, சொல்லுங்கள் பார்ப்போம்? பழுதைச் சரிசெய்வது ஒன்று. மில்கோ காரமித்தேவின் முதலாளி இன்னொன்றைக் கண்டுபிடித்தார்.

மில்கோவுக்கு ஐம்பத்தெட்டு வயது. முப்பது வருடமாகப் பல்கேரியாவின் ரோடோப்பி மலையிலிருந்து பைன் மரக் கட்டைகளை லாரியில் கீழே கொண்டுவருகிறவர். அக்டோபரில் அவர் வண்டியில் ஏபிஎஸ் விளக்கு மஞ்சளாக எரிந்தது, அணையவேயில்லை. சக்கரச் சென்சார் செத்திருந்தது. சக்கரம் இறுகி வழுக்காமல், நொடிக்குப் பல தடவை பிரேக்கை விட்டுப் பிடிக்கிற ஏற்பாடு ஏபிஎஸ். அந்த வேலையைச் செய்ய இப்போது ஆளில்லை. சரிசெய்யச் சொல்லி மில்கோ முதலாளியிடம் மூன்று முறை எழுதிக்கொடுத்தார்.

டிசம்பரில், புனித நிக்கோலாய் திருநாளன்று, வழக்கம்போலப் பாதிரியார் வந்து துளசிக் கொத்தால் லாரிகளுக்குத் தீர்த்தம் தெளித்தார். முதலாளி பாஷேவ் வண்டிக்கொரு புனிதர் படம் ஒட்டினார். மில்கோவின் வண்டியில் சரியாக அந்த விளக்கின் மேல்.

“இனிமே கண்ணை உறுத்தாது அண்ணே” என்றார்.

ஜனவரியில் ஒரு காலை, பெய்த மழை சாலையிலேயே உறைந்திருந்தது. வளைவுக்குக் கீழே ரொட்டி வண்டியொன்று குறுக்கே நின்றது. மில்கோ பிரேக்கை மிதித்ததும் சக்கரங்கள் இறுகின, வண்டி வழுக்கியது. ஏபிஎஸ் இல்லாத காலத்துப் பழக்கப்படி விட்டு விட்டு மிதித்தார். ஸ்டீயரிங் ஒரு கணம் சொன்னபடி கேட்டது. ஓரத்துச் சரளைக்குள் வண்டியைத் திருப்பி, அங்கே முழுக்க அமுக்கிப் பிடித்தார். இறுகிய சக்கரங்கள் சரளையை உழுது, முன்னால் மேடு குவித்துக்கொண்டு நின்றன. ஏபிஎஸ் வேலை செய்திருந்தால், அந்தச் சரளையில் வண்டி இன்னும் தூரம் ஓடியிருக்கும். பம்பர் பாறையில் நசுங்கியது. ரொட்டிக்காரர் உயிரோடு இருக்கிறார்.

பாஷேவ் இரண்டு காரியம் செய்தார். வண்டியைக் காப்பாற்றியதற்காகப் புனிதருக்கு மெழுகுவர்த்தி ஏற்றினார். ஏபிஎஸ் வண்டியில் பிரேக்கை அமுக்கிப் பிடிக்க வேண்டும், விட்டு விட்டு மிதித்த ஓட்டுநரின் அறியாமையே விபத்துக்குக் காரணம் என்று எழுதி, மில்கோவிடம் கையெழுத்துக் கேட்டார். ஆக, காப்பாற்றியது புனிதர், மோதியது மில்கோ. கையெழுத்துப் போட்டால் கனரக லைசென்ஸ் போய்விடும். ஓய்வூதியத்துக்கு இன்னும் ஆறு வருடம் ஓட்ட வேண்டும்.

மில்கோ பேனாவைத் தொடவில்லை. விபத்தை விசாரிக்க வந்த அதிகாரியை வண்டியில் ஏற்றி, லாரி முற்றத்தில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு, நகத்தால் படத்தைப் பிய்த்தார். ஏபிஎஸ் நன்றாக இருந்தால், வண்டி நகர்ந்ததும் அந்த விளக்கு அணைந்துவிடும். மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“இது எத்தனை நாளா எரியுது?”

“புனிதர் வர்றதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியிருந்து, ஐயா.”

லைசென்ஸ் தப்பியது. வேலை தப்பவில்லை. பாஷேவ் இப்போது வேறு ஓட்டுநர் வைத்திருக்கிறார், படமும் புதிது.

நாளை நீங்கள் ஏறும் பஸ்ஸில் ஓட்டுநருக்கு முன்னால் ஒரு படம் ஒட்டியிருக்கலாம். கும்பிடுவது உங்கள் இஷ்டம். ஆனால் அதன் அடியில் என்ன எரிகிறது என்று கேளுங்கள். மஞ்சளாக ஏதாவது எரிந்தால், வண்டி எண்ணைக் குறித்துப் புகார் எழுதுங்கள். ஓட்டுநர் மேல் அல்ல, முதலாளி மேல்.