வீடியோ காலில் வளர்ந்த தோட்டம்

பொங்கல் முடிந்த மறுநாள் சாயங்காலம் ஒருவர் என் வீட்டு கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். அதற்கு முன் அவர் என் வீட்டுக்குள் காலடி வைத்ததில்லை.

ஆனால் அவர் நடந்த நடை இருக்கிறதே... நேராக வந்து துவைக்கிற கல்லைச் சுற்றி, ரோஜா முள் சட்டையில் படாமல் ஒதுங்கி, அவரைப் பந்தல் வந்ததும் தானாகவே குனிந்து — எந்த இடத்தில் குனிய வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது!

பெயர் முருகையன். எதிர் வீட்டுக் கலைவாணியின் கணவர். சிங்கப்பூரில் வெல்டர். இரண்டரை வருஷம் கழித்து லீவில் வந்திருக்கிறார்.

என் தோட்டத்தை அவர் எப்படி அறிவார்? அந்தக் கதையில் எனக்கும் பங்கு உண்டு. கொஞ்சம் வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

எங்கள் நகர் தஞ்சாவூரை ஒட்டியது. நெல் விளைந்த மண்ணைக் கல் நட்டுப் பிரித்து மனைகளாக்கியது. என் மனை கொஞ்சம் மேடு. எதிர் மனை நல்ல பள்ளம். சுவர் எழும்பிக்கொண்டிருந்தபோதே முருகையன் விமானம் ஏறிவிட்டார். வீடு முடிந்து கலைவாணி தனியாகத்தான் குடிவந்தாள்.

அந்த டிசம்பரில் அவளுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. அட்டைப்பெட்டியைக் கிழித்து, அதன் உள்பக்கத்தில் பேனாவால் வரைந்த தோட்டம்! வரும் வருஷத்துக்கான இலக்குகள், எண் போட்டு. அவரைப் பந்தல். ரோஜா. கொய்யா. ஏழு வகைக் கத்தரி. ஒரு மூலையில் இரண்டு நாற்காலி... அதற்கும் எண் உண்டு.

கலைவாணி ஒன்று விடாமல் நட்டாள். நன்றாகவே வந்தன; அவருக்குத் தனித்தனிச் செடிகளின் படம்தான் அனுப்பிக்கொண்டிருந்தாள். ஐப்பசியில் அடைமழை பிடித்தது. பள்ளத்துக் களிமண்ணில் தண்ணீர் பத்து நாள் நின்றது. எல்லாம் அழுகிப்போயின.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, முருகையனின் வீடியோ கால் ஒலித்துக்கொண்டிருக்கும் போனோடு என் கேட்டுக்கு ஓடி வந்தாள்.

"டீச்சர், இன்னிக்கு ஒரு நாள் மட்டும் உங்க தோட்டத்த எங்களுதுன்னு காட்டிக்கட்டுமா? எல்லாம் போச்சுன்னு சொல்ல வாய் வரமாட்டேங்குது. எங்க தோட்டத்த நெனச்சாத்தான் தூக்கம் வருதுங்கிறாரு..."

காட்டிக்கோ என்றேன். அந்த ஒரு நாள், ஒரு வருஷத்துக்கு மேல் நீண்டது. ஞாயிறு நாலரை மணிக்கே நான் செடிகளுக்குத் தண்ணீர் தெளித்துப் பளபளப்பாக்கி வைப்பேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! பொய் சொல்லுகிறோம் என்ற நினைப்பே போய்விட்டது.

போன டிசம்பரில் இரண்டாவது அட்டை வந்தது. இந்த முறை இருபத்து மூன்று இலக்குகள். முதல் இலக்கு, தாமரைக் குளம். பாவம், அன்று அவர் வீட்டைச் சுற்றி இருந்ததே குளம்தான்.

கூடவே இன்னொரு செய்தி. பொங்கலுக்கு வருகிறேன்.

திருச்சி விமான நிலையத்திலிருந்து காரில் வரும் வழியில், வல்லம் தாண்டும்போது கலைவாணி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்தும் பேசவில்லை. பொங்கலன்று பானை பொங்கியபோதுகூட வாயைத் திறக்கவில்லையாம்.

"திட்டினாக்கூடப் பரவால்ல டீச்சர்" என்றாள், வீங்கிய கண்களோடு. "இப்படி இருந்தா நான் என்ன பண்ணுவேன்?"

அதன் பிறகுதான் அந்தச் சாயங்காலம். முருகையன் துவைக்கிற கல்லில் வந்து உட்கார்ந்தார். மன்னிப்புக் கேட்க நான் நாலு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். வாயில் வந்தது அதில் இல்லாத ஒன்று.

"தப்பு என் மேலயும் இருக்குங்க" என்றேன்.

அவர் பந்தலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரைப் பூ உதிர்ந்து தரையெல்லாம் ஊதா.

"ஒரு ரூம்ல பதினாறு பேருங்க டீச்சர். வேலை முடிஞ்சு வந்து படுத்ததும் கண்ண மூடிக்குவேன். கேட்ல ஆரம்பிச்சு மெதுவா நடப்பேன். இந்தக் கல்லு... ரோஜா... பந்தல்... ஈர மண்ணு வாசனைகூட வரும். கொய்யாகிட்ட போறதுக்குள்ள தூங்கிடுவேன். ஒரு நாளும் அதத் தாண்டினதில்ல."

கொய்யா மரத்தைக் காட்டிக் கேட்டார்: "கொய்யாவுக்கு அந்தப் பக்கம் என்னங்க இருக்கு?"

ஒரு வருஷமாக ஒரு மனிதர் என் தோட்டத்தில் தினமும் நடந்திருக்கிறார். எனக்குத் தெரியவே தெரியாது!

"குப்பைக்குழிதாங்க" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். வாய்விட்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். கேட்டுக்கு வெளியே தயங்கி நின்றிருந்த கலைவாணி, அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் உள்ளே வந்தாள்.

"செடிதானே செத்துச்சு? சொன்னா என்னவாம்?" என்றார் அவளிடம்.

"செடி மட்டும்னா சொல்லியிருப்பேங்க" என்றாள். "உங்க தூக்கமும்ல போயிருக்கும்."

அவர் கல்லில் நகர்ந்து உட்கார்ந்து, அவளுக்கு இடம் விட்டார்.

மறுநாள் காலையில் எதிர் மனையில் மண்வெட்டிச் சத்தம். லீவு மொத்தம் இருபது நாள். உறவுக்காரர் வீடு, கோவில், சினிமா எதற்கும் அவர் போகவில்லை. மனையைச் சுற்றி வாய்க்கால் வெட்டி, அந்த மண்ணை அள்ளி நடுவில் மேட்டுப்பாத்திகள் போட்டார். பின்னால், குப்பையில் மூடிக் கிடந்த பழைய வடிகால் வரைக்கும் தோண்டிக்கொண்டே போனார். கலைவாணி கூடை சுமந்தாள்.

"தண்ணி விடறது பெருசில்லைங்க டீச்சர்" என்றார், நெற்றி வியர்வையை வழித்தபடி. "நம்ம மண்ணுல தண்ணிய வெளிய அனுப்பத் தெரியணும். அத எழுதாம தாமரைய எழுதியிருக்கேன் பாருங்க!"

நாம் எல்லோரும் அப்படித்தானே? வருகிற வருஷத்துக்குத் திட்டம் போடச் சொன்னால் பூக்களை எழுதுவோம். மண்ணை யார் எழுதுகிறார்கள்?

சிங்கப்பூர் திரும்புவதற்கு முன் அவர் புது அட்டை ஒன்றை எழுதி, சமையலறைக் கதவில் ஒட்டிவிட்டுப் போனார். போய்ப் பார்த்தேன். இருபத்து மூன்று, நாலாகக் குறைந்திருந்தது. தை மாதம், வடிகால். மாசி, பத்துக் கத்தரி நாற்று. ஆடியில் அவரை விதை. ஐப்பசியில் எதையும் நடாமல் மழையைப் பார்ப்பது.

அடியில் கலைவாணி தன் கையெழுத்தில் ஐந்தாவதாக ஒன்று சேர்த்திருந்தாள்: "செடி செத்தால், செத்த செடியையே காட்டுவது."

போன ஞாயிறு சாயங்காலம் எதிர் வீட்டிலிருந்து ஒரே கூச்சல். பதறிப்போய் ஓடினேன். பாத்தி நடுவே போனைத் தூக்கிப் பிடித்தபடி, முகமெல்லாம் பல்லாக நின்றாள்.

"டீச்சர், ஒரு கத்தரி செத்துடுச்சு! அவர்கிட்ட காட்டிட்டேன்!"

செடி செத்ததற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட தோட்டக்காரியை நான் பார்த்ததில்லை.