அத்தான் நனைத்த லைட்டர்

என் அக்கா வீட்டுக்காரரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை.

அவர்களுக்கு மில்லர்புரத்தில் பெயிண்ட் கடை. மழைக்காலத்தில் யாரும் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க மாட்டார்கள் என்பதால், அந்த நாட்களில் கடையைப் பூட்டிவிட்டு, முதுகில் பையை மாட்டிக்கொண்டு கடற்கரையோரமாக நடக்கக் கிளம்புவோம். அக்கா, அத்தான், அத்தானின் நண்பர், நான். ராத்திரி மணலில் கூடாரம். சமையலுக்கு ஒரு குட்டி கேஸ் அடுப்பு.

முதல் தடவை மணப்பாட்டைத் தாண்டி நடந்தோம். டீயும் லைட்டரும் என் பொறுப்பு. பெட்டிக்கடையில் வாங்கிய சாதாரண பிளாஸ்டிக் லைட்டர். மத்தியானம் அத்தான் என் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, "ஏளா, லைட்டரைக் கொஞ்சம் குடு" என்றார். வாங்கிக்கொண்டு பனைகளுக்குப் பின்னால் போனார். எதற்கென்று தெரியும். சிகரெட்டை விட்டுவிட்டேன் என்று அக்காவின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்திருந்தவர் அவர்.

கொஞ்ச நேரத்தில் மழை கொட்டியது. லைட்டர் அவர் சட்டைப் பையில் இருந்தது. மழை விட்டதும் சத்தமில்லாமல் அதை என் பையின் பக்கவாட்டில் செருகிவிட்டார். சாயங்காலம் அடுப்பை வைத்து லைட்டரைத் தட்டினால், சக்கரம் சுற்றுகிறது, பொறி வரவில்லை.

"நனைச்சிட்டியா?" என்றார் அத்தான், எல்லாருக்கும் கேட்கும்படி.

"நீங்கதான அத்தான் வாங்கிட்டுப் போனிய?"

"நானா? நான் எதுக்கு வாங்கப் போறேன்?" என்றவர், நண்பரிடம் திரும்பி, "ஒரு லைட்டரைக் காப்பாத்தத் தெரியல. இவளை நம்பி ஆர்பர்ல கப்பலுக்கு சரக்கு ஏத்துதாங்களாம்" என்றார்.

நான் ஒரு ஷிப்பிங் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். நண்பர் சிரித்தார். அது போகட்டும். அக்காவும் சிரித்தாள். சிகரெட் விஷயத்தை நான் சொல்லியிருந்தால் அன்றைக்கே கூடாரத்துக்குள் சண்டை வெடித்திருக்கும். அக்காவுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு, தண்ணீரில் ஊறிய அவலைத் தின்றேன்.

அத்தான் அதோடு விடவில்லை. கல்யாண வீடு, பால்காய்ச்சு வீடு, எங்கே போனாலும் "எங்க கொழுந்தியா லைட்டர் பத்தவச்ச கதை தெரியுமா" என்று ஆரம்பித்துவிடுவார். ஒவ்வொரு தடவையும் நானும் சிரிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு சிரிப்பையும் உள்ளே சேர்த்து வைத்தேன்.

அந்த வருஷம் முழுக்க லைட்டரைப் படித்தேன் என்றே சொல்லலாம். பக்கெட் தண்ணீரில் முக்கி எடுத்துப் பார்த்தேன். உதறி, ஊதி, காய்ந்த ஜீன்ஸ் துணியில் சக்கரத்தை அழுத்தி உருட்டிக்கொண்டே இருந்தால் பொறி திரும்ப வரும் என்று கண்டுபிடித்தேன். நனையாமலே வைத்துக்கொள்வதற்கு, வாயகன்ற மாத்திரை டப்பாவில் லைட்டரைப் போட்டு, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, அதை ஒரு ஜிப் கவருக்குள் வைத்து, துணிமணிக்கு நடுவில் திணித்தேன். இன்னொன்றை அதே மாதிரி கட்டி இடுப்புப் பையில் வைத்தேன். அடுத்த மழைக்குக் காத்திருந்தேன்.

இரண்டாவது தடவை பழையகாயல் பக்கமிருந்து கிளம்பி, ஆற்று முகத்துவாரத்தைப் படகில் தாண்டினோம். படகு கரை வரை வராததால் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி ஏறினோம். இந்தத் தடவை லைட்டர் பொறுப்பை அத்தானே எடுத்திருந்தார். துபாயிலிருந்து வந்த யாரோ கொடுத்த, சார்ஜ் போடுகிற லைட்டர். அது அவர் கால்சட்டைப் பையில் இருந்தது. நான் பார்த்தேன். சொல்லவில்லை.

சாயங்காலம் தூறல், சுழற்றியடிக்கிற காற்று. அத்தான் பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்தார். லைட்டர் செத்துக் கிடந்தது. கடை இருக்கிற ஊர்வரை திரும்பி நடக்க ஒருத்தர் காலிலும் தெம்பில்லை. நான் கடலை மிட்டாயைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"ஏளா, ஒங்கிட்ட தீப்பெட்டி எதும் இருக்கா?"

"தீப்பெட்டி இல்ல அத்தான்."

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். கூடவே வளர்ந்தவள், கண்டுபிடித்துவிட்டாள். "இவகிட்ட லைட்டர் இருக்கு. எடு ளா, குளிருது."

"எடுக்கேன். போன வருஷம் லைட்டரை நனைச்சது யாருன்னு அத்தான் சொல்லட்டும்."

அத்தான் சிரித்துப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை. நண்பருக்கும் டீ வேண்டியிருந்தது. "சொல்லித் தொலையேம்ல" என்றார்.

"சரி, நான்தான்."

"எதுக்கு வாங்குனிய?"

அத்தான் செத்த லைட்டரின் பொத்தானை மறுபடி அமுக்கினார். அக்காவின் சிரிப்பு நின்றுவிட்டது. அவளுக்குப் புரிந்துவிட்டது. "சிகரெட்டா?" என்றாள். அத்தான் மணலைப் பார்த்தார்.

டப்பாவைத் திறந்து லைட்டரை எடுத்தேன். காற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தட்டினேன். ஒரே தட்டு. அக்காவுக்கு முதல் டம்ளர், நண்பருக்கு அடுத்தது, எனக்கு நிறைய. அடியில் கிடந்த மண்டியை அத்தானுக்கு ஊற்றினேன். அதையும் குடித்தார். எத்தனையோ டீ குடித்திருக்கிறேன், அந்த டீ மாதிரி இல்லை.

மறுநாள் அக்கா எங்கள் இருவரிடமும் பேசவில்லை. "ஒரு வருஷமா தெரிஞ்சும் எங்கிட்ட மறச்சிருக்கியே" என்று என் மேலும் கோபம். அந்தக் கோபம் நியாயம்தான், வாங்கிக்கொண்டேன். ஆனால் அத்தானைச் சொல்ல வைத்ததற்கு இன்றுவரை வருத்தமில்லை. கல்யாண வீடுகளில் அவர் அந்தக் கதையைச் சொல்வதில்லை. வேறு யாராவது ஞாபகப்படுத்தினால், சாப்பாட்டுப் பந்தி போட்டாச்சா என்று எழுந்து போய்விடுகிறார்.

இந்த வருஷம் அக்கா அவரைக் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள். நாங்கள் இரண்டு பேர் மட்டும் போனோம். சாயங்காலம் போன் அடித்தார்.

"அங்கன மழையா? டீ போட்டாச்சா?"

"நல்ல மழை அத்தான். இப்பதான் ரெண்டாவது தடவை போடுதோம்" என்றேன்.