யோருன் வாங்கிய பழைய மின்சாரக் கார்

நவம்பர் கடைசியில், மலை ஏற்றத்தில் பாதி தூரம் போனபோது, யோருனின் டீசல் கார் உயிரை விட்டது. அவள் பதறவில்லை. வண்டியை ஓரமாக உருட்டி நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கின் மேல் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு, 'அப்பாடா, இன்னிக்கு வேலைக்குப் போக வேண்டாம்' என்றுதான் முதலில் நினைத்தாள். அப்படி நினைத்ததற்காக வெட்கப்பட்டது பிறகுதான்.

அவள் மருத்துவச்சி. ஐம்பதைத் தாண்டியவள். வட நார்வேயில், கடல் உள்ளே புகுந்து முடிகிற இடத்தில் இருக்கும் ஸ்கார்விக் என்ற சிற்றூரில், இருபது வருஷத்துக்கு மேலாகப் பிரசவம் பார்த்தவள். ஊர்க் கடையில் கல்லாவில் இருக்கும் பெண்ணும், மீன் தொழிற்சாலையில் வண்டி ஓட்டுகிறவனும் அவள் கையில் வந்து விழுந்தவர்கள்தான். பிறகு ஊரில் பிறப்பு குறைந்துவிட்டது என்று பிரசவ விடுதியை மூடினார்கள். கூட வேலை பார்த்த சின்னப் பெண்கள் தெற்கே போய்விட்டார்கள். யோருனுக்கு வீடு இங்கே; புருஷனின் இடுப்பு எலும்பு அறுவை சிகிச்சை முடிந்து இன்னும் சரியாகக் கூடாமல் இருந்தது. அதனால் அவள் மலைக்கு அந்தப் பக்கம் நகரத்து ஆஸ்பத்திரியில் வேலையை ஏற்றுக்கொண்டாள். கோடையில் பாட்டுக் கேட்டுக்கொண்டே போய்ச் சேர்ந்துவிடலாம். குளிர்காலத்தில் எப்போது போய்ச் சேருவோம் என்று காற்றைத்தான் கேட்க வேண்டும்.

அடுத்த கார் மின்சாரக் கார்தான் என்பதில் வீட்டில் பேச்சே எழவில்லை. ஊரில் பாதிரியார்கூட மின்சாரக் காருக்கு மாறிவிட்டார். மலையடிவாரத்துப் பெட்ரோல் பங்கே இப்போது சார்ஜ் போடும் இடமாகிவிட்டது. எஸ்யூவி வேண்டும் என்பதும் ஆடம்பரத்துக்காக அல்ல. பனி தள்ளும் வண்டி விடிவதற்கு முன் வந்து, அவர்கள் வீட்டு வாசலில் ஒரு பனி மேட்டை ஒதுக்கிவிட்டுப் போகும்; தாழ்ந்த கார் அதில் வயிறு மாட்டி நின்றுவிடும். புதிது வாங்க வசதி இல்லை. அதனால் பழைய வண்டி. அதைத் தேடும் வேலையை அவள் புருஷன் அர்ன்ஃபின் எடுத்துக்கொண்டான்.

அர்ன்ஃபின் பள்ளிக்கூடத்தில் பராமரிப்பு வேலை பார்த்தவன். இப்போது வீட்டோடு இருந்தான். காலையில் சமையலறை மேஜையில் போனோடு உட்கார்ந்தால், யோருன் வேலை முடிந்து வரும்போதும் அங்கேயேதான் இருப்பான். காப்பிக் கோப்பை மட்டும் நகர்ந்திருக்கும்.

"இங்க பாரு, சிவப்பு. கூரை முழுக்கக் கண்ணாடி. படுத்துக்கிட்டே ராத்திரி வானத்துல துருவ ஒளி பச்சையா ஓடறதப் பாக்கலாம்."

"நான் படுத்துக்கிட்டா வண்டிய யாரு ஓட்டுவா?"

"ஒரு தடவ சார்ஜ் போட்டா போதும், நீ போயிட்டுத் திரும்பி வந்துரலாம். போட்டிருக்கான் பாரு."

"எந்த மாசத்துல?"

அர்ன்ஃபின் போனை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான். "மாசம் போடல."

இருந்தாலும் அவன் முகத்துக்காக, நகரத்து விற்பனைக் கடையில் அந்தச் சிவப்பு வண்டியை ஒரு நாளைக்கு ஓட்டிப் பார்க்க வாங்கினாள். அதுவரை அவள் பஸ்ஸிலும், உடன் வேலை பார்ப்பவர்களின் கார்களிலும் தொற்றிக்கொண்டு போய்வந்துகொண்டிருந்தாள். கடைக்காரப் பெண் சாவியைக் கொடுத்தபோது வண்டி பளபளவென்று இருந்தது. வேலை முடித்து மலையேறினாள். பேட்டரி முக்கால்வாசிக்கு மேல் நிரம்பியிருந்தது. வெளியே மைனஸ் இருபதுக்குக் கீழே. ஏற்றம் தொடங்கியதும், இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று காட்டிய எண் கண்ணெதிரே கரைய ஆரம்பித்தது. ஒரு வளைவுக்கு ஒரு தரம் பார்த்தாள். பிறகு பார்ப்பதையே நிறுத்தினாள். பிறகு பார்க்காமல் இருக்க முடியவில்லை. கடைசியில் ஹீட்டரை அணைத்துவிட்டு, கம்பளிக் கையுறையோடு, மூச்சுக்காற்று படிந்த கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ஓட்டினாள். தலைக்கு மேல் கண்ணாடிக் கூரையில் நட்சத்திரங்கள் நிறையத் தெரிந்தன. அவள் ஒன்றையும் பார்க்கவில்லை.

வீட்டில் சார்ஜ் போட இன்னும் வசதி செய்திருக்கவில்லை. மறுநாள் காலை வேலைக்குத் திரும்பும்போது அடிவாரத்தில் சார்ஜ் போட நின்றாள். இரண்டு கம்பங்களில் ஒன்று வேலை செய்யவில்லை. இன்னொன்றில் ஒரு வேன் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. உள்ளே இருந்தவர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவள் முறை வந்தபோது, உறைந்துபோன பேட்டரி மின்சாரத்தைச் சொட்டுச் சொட்டாகத்தான் குடித்தது. வேலைக்குத் தாமதமாகப் போய், கோட்டைக் கழற்றியதும் கழற்றாததுமாக முதல் கர்ப்பிணியின் வயிற்றில் கை வைத்தாள். அந்தப் பெண் துள்ளிவிட்டாள்.

"ஐயோ! என்னங்க இது, கையா பனிக்கட்டியா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். யோருன் போய் வெந்நீர்க் குழாயின் கீழ் கைகளை நீட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். இருபது வருஷத்தில் யாரும் அவள் கையைப் பற்றி அப்படிச் சொன்னதில்லை.

மாலையில் சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்டாள்: "சூடு எங்கேருந்து வருது இதுல?"

"ஹீட்டர்லேருந்துங்க."

"ஹீட்டருக்கு?"

"பேட்டரிதான்."

"ஓட்டறதும் பேட்டரி, சூடு குடுக்கறதும் பேட்டரியா?"

"சில வண்டியில ஹீட் பம்ப் இருக்கும். கொஞ்ச மின்சாரத்துலயே நிறைய சூடு எடுத்துரும். இதுல அது வராது." கடைக்காரப் பெண் நல்லவள், கொஞ்சம் சங்கடப்பட்டாள். "ஆனா கோடையில அருமையா ஓடும்."

"கோடையில எனக்கு லீவு," என்றாள் யோருன்.

அர்ன்ஃபின் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் தானே ஒரு விளம்பரத்தைக் காட்டினான். ஒரே ஒரு படம். அதுவும் இருட்டில் எடுத்தது. சாம்பல் நிற எஸ்யூவி. பின்கதவில் ஒரு பள்ளம் தெரிந்தது. கீழே இரண்டு வரி: 'குளிர்காலத்தில் மலையைத் தாண்டிப் போய்வந்த வண்டி. நான்கு சக்கரமும் இழுக்கும், ஹீட் பம்ப் உண்டு. குறைகளை நேரில் சொல்கிறேன்.'

"குறைய சொல்றேன்னு போட்டு எவனாவது வண்டி விப்பானா?" என்று அர்ன்ஃபின் சிரித்தான். "ஒண்ணு கிறுக்கனா இருக்கணும், இல்ல விக்க மனசில்லாதவனா இருக்கணும்."

அர்ன்ஃபினால் உறைபனியில் நடக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை அவள் தனியாகவே, பக்கத்து வீட்டுக்காரரின் காரை இரவல் வாங்கிக்கொண்டு, கடலின் எதிர்க்கரைக்குப் போனாள். நண்பகல். டிசம்பரில் சூரியன் எழுவதில்லை; வானம் கொஞ்ச நேரத்துக்கு நீலமாகி, மறுபடி இருண்டுவிடும். வண்டிக்காரர் பெயர் ஐலர்ட். படகுத்துறையில் இன்ஜின் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வணக்கம்கூடச் சரியாகச் சொல்லாமல் குறைகளிலிருந்து ஆரம்பித்தார்.

"சார்ஜ் போடற மூடி உறைஞ்சுக்கும், கையால தட்டணும். பின்னாடி வலது கண்ணாடி இறங்கினா ஏறாது, அதனால இறக்காதீங்க. பள்ளம் கலைமான் இடிச்சது. பேட்டரிய போன மாசம் சோதிச்சுப் பாத்தேன், கொஞ்சம் தேஞ்சிருக்கு. குளிர்ல போயிட்டு சார்ஜ் போடாம திரும்பி வரலாம்னு நெனச்சீங்கன்னா, இத வாங்காதீங்க."

"ஆஸ்பத்திரியில நிறுத்தற எடத்துல சார்ஜ் போடலாம்."

"அப்ப சரி."

"ஊருக்குள்ள ஒரு சுத்து ஓட்டிப் பாக்கட்டுமா?"

"ஊருக்குள்ள ஓட்டினா எல்லா வண்டியும் நல்ல வண்டிதான். மலைக்குப் போவோம்."

அவள்தான் ஓட்டினாள். வண்டி ஆணி டயர்களால் ஐஸைக் கரகரவென்று கடித்துக்கொண்டு ஏறியது. காலடியில் மெதுவாகச் சூடு வந்து தங்கியது. இன்னும் ஓடும் தூரத்தைக் காட்டிய எண் குறைந்தது, ஆனால் ஏமாற்றாமல், ஏறும் தூரத்துக்குத் தக்கபடி குறைந்தது. உச்சிக்கு முந்தைய தடுப்புக் கம்பி மூடியிருந்தது. மேலே காற்று வலுத்துவிட்டது. வண்டிகள் தனியாகப் போகக் கூடாது, பனி தள்ளும் வண்டி வந்து எல்லோரையும் வரிசையாகப் பின்னால் கூட்டிப் போகும். முன்னால் லாரிகள் சிவப்பு விளக்கோடு நின்றன. அவளும் வரிசையின் கடைசியில் ஓரமாக நிறுத்தினாள்.

"காத்திருக்கலாம். இதையும் பாத்துக்கிட்டாதான் தெரியும்," என்றார் ஐலர்ட். குடுவையிலிருந்து காப்பி ஊற்றிக் கொடுத்தார். காற்று வண்டியைப் பக்கவாட்டில் பிடித்து ஆட்டியது. இன்ஜின் சத்தம் இல்லை. பனி கண்ணாடியில் உரசும் சத்தம் மட்டும். யோருன் காப்பியைப் பாதி குடித்தாள். அதற்குப் பிறகு நடந்தது அவளுக்குத் தெரியாது.

விழித்தபோது முன்னால் லாரிகள் இல்லை. தடுப்புக்கு முன் அவர்களுடைய வண்டி மட்டும் ஓரமாக நின்றிருந்தது. மேலே ஒரு கம்பளிப் போர்வை கிடந்தது. ஐலர்ட் வெளியே நின்று கண்ணாடியிலிருந்து பனியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அவள் கதவைத் திறந்து கத்தினாள். "எல்லாரும் போயிட்டாங்களா? என்னை எழுப்பியிருக்கலாமே! ஒரு நாள் முழுக்க வீணாப் போச்சே!"

அவர் உள்ளே வந்து உட்கார்ந்தார். புருவத்திலிருந்து பனியை வழித்தார்.

"மன்னிச்சுக்கோங்க. பழக்கம். இந்த வண்டியில தூங்கறவங்கள நான் எழுப்பறதில்ல."

பிறகு அவராகவே சொன்னார். அவர் மனைவி போர்கில்டுக்குச் சிறுநீரகம் பழுது. வாரத்துக்கு மூன்று தரம் இரத்தம் சுத்திகரிக்க மலையைத் தாண்டிக் கூட்டிப் போனார். திரும்பும்போது அவள் அடித்துப்போட்டதுபோல் தூங்குவாள். வீட்டு வாசலுக்கு வந்தபிறகும், அவள் தானாக விழிக்கும்வரை வண்டியிலேயே உட்கார்ந்திருப்பார். செப்டம்பரில் அவள் போய்விட்டாள்.

"அதுக்கப்புறமும் செவ்வாய்க்கிழமை வந்தா நான் பாட்டுக்கு வண்டிய எடுத்துடறேன். இந்தக் கம்பி வரைக்கும் வந்துதான் ஞாபகம் வருது, யாரையும் கூட்டிட்டுப் போகலேன்னு. அதான் விக்கறேன்."

யோருனின் கோபம் இறங்கியிருந்தது, அது இறங்கிய இடத்தில் களைப்பு மட்டும் கிடந்தது. அவள் ஆறிப்போன காப்பியைக் குடித்து முடித்தாள். எதேச்சையாகக் கிலோமீட்டர் எண்ணைப் பார்த்தாள். அத்தனை நேரம் சூட்டோடு நின்றும் கொஞ்சம்தான் இறங்கியிருந்தது.

"எடுத்துக்கறேன்," என்றாள்.

"புருஷன்கிட்ட கேக்க வேணாமா?"

"அவருக்குச் சிவப்புதான் பிடிக்கும்."

ஐலர்ட் முதல் தடவையாகச் சிரித்தார். விலையில் அவளும் பேரம் பேசவில்லை, அவரும் கறாராக இல்லை. இரண்டு நாள் கழித்து அவள் வண்டியை எடுக்கப் போனபோது, அவர் அதன் உள்ளேயும் வெளியேயும் துடைத்து வைத்திருந்தார். போர்வையை மட்டும் மடித்துத் தன் கையில் வைத்துக்கொண்டார்.

அர்ன்ஃபின் கைத்தடியோடு வாசலுக்கு வந்து வண்டியைச் சுற்றினான். பள்ளத்தின் முன் நின்றான்.

"இது?"

"கலைமான்."

"யாரு மேல தப்பாம்?"

"கலைமான் ஒண்ணும் சொல்லலையாம்."

ஒரு வாரத்தில் அவனே அந்த வண்டிக்கு வக்கீல் ஆகிவிட்டான். அவள் கிளம்புவதற்கு முன்பே, வாசலில் புதிதாகப் போட்ட சார்ஜில் இருக்கும்போதே, போனில் தட்டி வண்டியைச் சூடாக்கி வைப்பான். உறைந்த மூடியைத் தட்டுவதற்கென்று ஒரு மரக்கரண்டியை ஒதுக்கினான். பக்கத்து வீட்டுக்காரரிடம் சிவப்பு வண்டிகளைப் பற்றி ஏளனமாகப் பேசினான்.

யோருனின் கால் சூடாக இருந்தது. கை சூடாக இருந்தது. வழியில் நின்றுவிடுவோமோ என்ற பயம் போனது. அந்தப் பயம் போனபிறகுதான், அதன் அடியில் என்ன இருந்தது என்று அவளுக்குத் தெரிந்தது. இவ்வளவு நாளும் பழைய காரால்தான் களைத்துப்போகிறேன் என்று நினைத்திருந்தாள். வண்டி மாறிவிட்டது, தூரம் அப்படியேதான் இருந்தது. ஜனவரியில் ஒரு நாள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியும் அவளால் இறங்க முடியவில்லை. அர்ன்ஃபின் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தான், கையசைத்தான், பிறகு கைத்தடியை ஊன்றி, வழுக்கும் படிகளில் ஒவ்வொன்றாக இறங்கி வந்து, பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

"மீன் உருண்டை ஆறிடும்," என்றான்.

"ஆறட்டும்."

"சரி, ஆறட்டும்."

அவள் சொன்னாள்: "தொடர்ந்தாப்புல ரெண்டு நாள் வேலை வாங்கிக்கிட்டு, நடுவுல வர்ற ராத்திரி அங்கயே தங்கிடலாம்னு பாக்கறேன். ஆஸ்பத்திரியில ரூம் இருக்கு. மலை ஏறி எறங்கறது கொறையும்."

"நான் தனியாச் சாப்பிடணும்."

"ஆமா."

அவன் யோசித்தான். "இடுப்பு சரியாயிடுச்சுன்னா நானும் கூட வந்துருவேன். அங்க பள்ளிக்கூடம் இல்லியா என்ன," என்றான். அது நடக்காது என்று இருவருக்கும் தெரியும். ஆஸ்பத்திரியில் அவள் இதைக் கேட்டபோது தலைமை மருத்துவச்சி முகம் சுளித்தாள். ஆனால் வேறு ஆளும் இல்லாததால் ஒப்புக்கொண்டாள். வாரத்தில் ஓர் இரவு அர்ன்ஃபின் ரொட்டியும் பழுப்புச் சீஸும் சாப்பிட்டுப் படுத்தான்.

அந்த மாதக் கடைசியில் அவள் இரண்டு நாள் வேலை முடித்து, நண்பகலில் மலைமேல் வந்துகொண்டிருந்தாள். முந்தின இரவு ஒரு பெண்ணுக்கு இரட்டைக் குழந்தைகள். இரண்டாவது வெகுநேரம் அழாமல் பயமுறுத்திவிட்டுத்தான் அழுதது. காற்று இல்லை. உச்சியில் வண்டிகள் ஓரம் கட்டி நின்றன. ஜனங்கள் இறங்கி, குடுவையும் இனிப்பு ரொட்டியுமாகத் தெற்கே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு மாதத்துக்குப் பிறகு சூரியனின் ஒரு விளிம்பு மலைகளுக்கு நடுவில் எட்டிப் பார்த்தது. யாரோ அவளை நிற்கச் சொல்லிக் கையசைத்தார்கள்.

வேறு வருஷமாக இருந்தால் நின்றிருப்பாள். வெளிச்சம் நேரே கண்ணில் குத்தியது. "இப்பத்தான் வரணுமா நீ," என்று முணுமுணுத்துக்கொண்டே மறைப்புப் பலகையை இறக்கிவிட்டு, அந்த ஜனங்களைத் தாண்டி, வீட்டுக்குப் போய்த் தூங்க இறக்கத்தில் வண்டியை விட்டாள்.